பூட்டிக் கிடக்கும் தரவு, விடை கிடைக்காத கேள்வி

2010 நவம்பர் 2, அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு இடைக்காலத் தேர்தல் நடந்த நாள். அன்று ஃபேஸ்புக்கைத் திறந்த சுமார் 6 கோடி அமெரிக்கர்களுக்குப் பக்கத்தின் உச்சியில் ஒரு சிறிய பெட்டி தெரிந்தது. இன்று தேர்தல் நாள் என்ற நினைவூட்டல், வாக்குச்சாவடியைத் தேடித்தரும் இணைப்பு, 'நான் வாக்களித்துவிட்டேன்' என்ற பட்டன், அதுவரை அந்தப் பட்டனை அழுத்தியவர்களின் எண்ணிக்கை ஆகியவை அதில் இருந்தன. கீழே, ஏற்கெனவே அழுத்திவிட்ட நண்பர்கள் ஆறு பேர் வரை முகம் காட்டினார்கள். இன்னொரு 6 லட்சம் பேருக்கும் இதே பெட்டி வந்தது. ஆனால் நண்பர்களின் முகங்கள் இல்லை. வேறொரு 6 லட்சம் பேருக்குப் பெட்டியே வரவில்லை. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்தது. தாங்கள் ஒரு பரிசோதனைக்குள் இருக்கிறோம் என்று அவர்களில் எவருக்கும் யாரும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்பது ரகசியம்; வாக்களித்தாரா என்பது பொது ஆவணம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபவுலரின் குழுவும் ஃபேஸ்புக் ஆய்வாளர்களும் அந்த ஆவணங்களோடு பயனர் கணக்குகளை ஒப்பிட்டு, 2012இல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். முகங்கள் இல்லாத பெட்டி யாரையும் வாக்குச்சாவடிக்குக் கூடுதலாக அனுப்பவில்லை. முகங்கள் இருந்த பெட்டி அனுப்பியது. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றைக்கூடத் தொடவில்லைதான். ஆனால் 6 கோடி பேர் என்று வரும்போது சிறிய சதவீதமும் பெரிய எண்ணாகிவிடுகிறது. பெட்டியைப் பார்த்ததால் நேரடியாக 60,000 வாக்குகள், அவர்களின் நண்பர்கள் வழியே பரவியதால் 2,80,000 வாக்குகள் என மொத்தம் சுமார் 3,40,000 வாக்குகள் கூடுதலாக விழுந்தன என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின் முடிவைத் தீர்மானித்த ஃபுளோரிடா மாநிலத்தில் வெற்றி வித்தியாசம் 537 வாக்குகள். இந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பெட்டியின் கனம் புரியும். அதே பெட்டியை ஒரு கட்சியின் ஆதரவாளர்களுக்கு மட்டும் காட்டினால் என்ன ஆகும் என்று ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ஜானதன் ஸிட்ரெயின் 2014இல் கேட்டார். அப்படி நடந்ததாக அவர் சொல்லவில்லை. நடந்தால் வெளியே இருப்பவர்களுக்கு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதுதான் அவருடைய கவலை. இந்தப் பரிசோதனை நடந்தது நமக்குத் தெரிவதற்கே காரணம், நடத்தியவர்கள் அதைக் கட்டுரையாக எழுதியதுதான்.

சமூக ஊடகங்கள் ஜனநாயகத்தைப் பாதிக்கின்றனவா என்ற கேள்விக்கு இன்றுவரை ஒரே குரலில் விடை வராததன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. விடையைத் தரக்கூடிய தரவு, விசாரிக்கப்பட வேண்டியவர்களின் கையிலேயே இருக்கிறது.

ஆளுக்கொரு பத்திரிகை

நாளிதழ் ஒரு தேர்தலில் எப்படி நடந்துகொண்டது என்று தெரிய வேண்டுமானால் நூலகத்துக்குப் போய்ப் பழைய இதழ்களைப் புரட்டலாம். தொலைக்காட்சியைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு பார்க்கலாம். இரண்டிலும் எல்லோரும் பார்த்தது ஒன்றே. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், எக்ஸ் ஆகியவற்றின் ஃபீடு அப்படியல்ல. ஒரே வீட்டில் இருக்கும் இருவருக்கு ஒரே நிமிடத்தில் வருவதும் வேறு வேறு. அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் முன்பு வந்த வரிசை திரும்ப வராது. எவருக்கு, எப்போது, எந்தப் பதிவு, எத்தனையாவது இடத்தில் காட்டப்பட்டது என்ற பதிவேடு நிறுவனத்தின் சர்வரில் மட்டுமே இருக்கிறது.

அந்த வரிசையைத் தீர்மானிக்கும் அல்காரிதம் செய்வது அடிப்படையில் ஒரு கணிப்பு. உங்களுக்குக் காட்டத் தகுதியுள்ள பதிவுகள் ஒவ்வொன்றையும் எடுத்து, இதற்கு நீங்கள் லைக் போடுவீர்களா, கமென்ட் எழுதுவீர்களா, பகிர்வீர்களா என்று நிகழ்தகவு போடுகிறது. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. நிகழ்தகவை மதிப்பெண்ணால் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகையில் எது அதிகமோ அது மேலே வரும். ஆக, அந்த மதிப்பெண்களை யார் எப்படி வைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

2018இல் ஃபேஸ்புக் இந்த மதிப்பெண்களை மாற்றியது. உறவினரும் நண்பரும் பேசிக்கொள்வதை ஊக்குவிப்பது என்பது அறிவிக்கப்பட்ட நோக்கம். அதற்காகக் கமென்ட்டுக்கும் பகிர்வுக்கும் எடை கூட்டப்பட்டது. நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் 2021இல் வெளிக்கொண்டுவந்த உள் ஆவணங்கள் அடுத்து நடந்ததைச் சொல்கின்றன. அதிகம் கமென்ட் வாங்குவது கோபமூட்டும் பதிவு. போலந்து நாட்டுக் கட்சி ஒன்றின் சமூக ஊடக அணி, பாதிக்குப் பாதியாக இருந்த தங்கள் பதிவுகளில் எதிர்மறைப் பதிவுகளை 80 சதவீதமாக்கிவிட்டதாக மதிப்பிட்டது. அல்காரிதம் மாறியதே காரணம் என்றது. இது வாசகர் ஒருவரின் மனம் மாறியதா என்பதைவிடப் பெரிய விஷயம். ஒரு கட்சி தன் குரலையே மாற்றிக்கொண்டிருக்கிறது. இந்தச் செய்தி ஓர் ஆய்விதழ் வழியாக நமக்கு வரவில்லை. ஓர் ஊழியர் துணிந்து ஆவணங்களை வெளியே எடுத்துவந்ததால் தெரிந்தது.

அனுமதி பெற்ற ஆய்வு

2020 அமெரிக்கத் தேர்தலின்போது இந்த நிலையை மாற்ற ஒரு பெரிய முயற்சி நடந்தது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலியா ஸ்ட்ரவுட், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா டக்கர் ஆகியோர் தலைமையில் 17 கல்வியாளர்கள் ஃபேஸ்புக் நிறுவனத்தின் ஆய்வாளர்களோடு சேர்ந்தார்கள். பேராசிரியர்கள் நிறுவனத்திடம் பணம் வாங்கவில்லை. எதைச் சோதிக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்தார்கள். முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக வெளியீட்டைத் தடுக்கும் அதிகாரம் நிறுவனத்துக்குத் தரப்படவில்லை. 2023 ஜூலையில் 'சயின்ஸ்', 'நேச்சர்' இதழ்களில் முதல் நான்கு கட்டுரைகள் வந்தன.

அவற்றில் ஒன்று அல்காரிதத்தையே அணைத்துப் பார்த்தது. சம்மதம் தெரிவித்த பயனர்களில் ஒரு பகுதியினருக்கு மூன்று மாதங்கள், 2020 செப்டம்பர் 24 முதல் டிசம்பர் 23 வரை, எது கடைசியாக வந்ததோ அது முதலில் என்ற கால வரிசையில் மட்டும் பதிவுகள் காட்டப்பட்டன. அவர்கள் தளத்தில் செலவிட்ட நேரம் குறைந்தது. வசைமொழிப் பதிவுகள் ஃபேஸ்புக்கில் குறைந்தன. அரசியல் பதிவுகளும் நம்பகமற்ற தளங்களின் பதிவுகளும் கூடின. ஆனால் எதிர்க்கட்சியினர் மீதான வெறுப்போ அரசியல் கருத்துகளோ குறிப்பிடும்படி மாறவில்லை. சமூக ஊடகத்தால் நாடு பிளவுபடுகிறது என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரம் குறைவு என்பதற்கு இந்த முடிவுகளை நிறுவனம் எடுத்துக்காட்டியது.

இந்த முடிவை எப்படிப் படிக்க வேண்டும்? மூன்று மாதம் என்பது, பத்தாண்டுகளுக்கு மேல் ஊறிய ஒரு பழக்கத்தைக் கழுவிவிடப் போதுமான காலமல்ல. அதைவிட முக்கியமானது, சில ஆயிரம் பேரின் ஃபீடு மட்டும் மாறியது. நண்பர்களும் கட்சிகளும் செய்தி நிறுவனங்களும் பழைய அல்காரிதத்துக்கு ஏற்றபடியே எழுதிக்கொண்டிருந்தார்கள். போலந்துக் கட்சியைப் போன்றவர்கள் எதை எழுதுகிறார்கள் என்பது இந்த வகைப் பரிசோதனையில் மாறவே மாறாது. தனிமனிதர் மீதான விளைவை இது அளக்கும். ஒரு சமூகம் முழுவதும் அல்காரிதம் மாறினால் அரசியல் எப்படி மாறும் என்பதை அளக்காது. இந்த எல்லைகளை ஆய்வாளர்களும் மறைக்கவில்லை.

மூன்றாவது விஷயம் பின்னர்தான் வெளிப்பட்டது. அந்தத் தேர்தலையொட்டி ஃபேஸ்புக் பொய்ச் செய்திகளை அமுக்க அவசரகால நடவடிக்கைகளை எடுத்திருந்தது. அதாவது, ஒப்பீட்டுக்கு வைத்திருந்த 'வழக்கமான' அல்காரிதமே பரிசோதனையின் நடுவில் வழக்கமானதாக இல்லை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தைச் சேர்ந்த சந்தக் பாக்சி, பிரெமிஸ்லாவ் கிராபோவிச் உள்ளிட்டோர், அந்தக் காலத்தில் நம்பகமற்ற செய்திகள் பார்க்கப்பட்டது குறைந்தது 24 சதவீதம் சரிந்ததாகக் கணக்கிட்டு 2024இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். மூலக் கட்டுரையின் ஆசிரியர்கள் பதில் அளித்தார்கள். இதழாசிரியர்களும் இதைத் தனியாகக் குறிப்பிட்டு எழுதினார்கள். அறிவியல் இப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் இந்த விவாதம் நடக்க, வெளியார் கையில் கொஞ்சமாவது தரவு இருக்க வேண்டியிருந்தது.

இந்தக் கூட்டாய்வு தொடங்கியபோதே, அதை வெளியிலிருந்து கண்காணிக்க விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் வாக்னர் நியமிக்கப்பட்டிருந்தார். ஆய்வின் தரத்தை அவர் பாராட்டினார். அதோடு, மூலத் தரவைத் தொடும் உரிமை நிறுவனத்தின் ஊழியர்களுக்கு மட்டுமே இருந்தது, எதைக் கேட்கலாம் என்பதிலும் நிறுவனத்தின் கை ஓங்கியிருந்தது என்றும் எழுதினார். அனுமதியின் பேரில் கிடைத்த சுதந்திரம் என்பது அவர் தீர்ப்பு. இனி வரும் ஆய்வுகளுக்கு இது முன்மாதிரி ஆகாது என்றார்.

கொடுத்த தரவில் பாதியைக் காணோம்

நிறுவனம் தரும் தரவை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பாடம் உண்டு. ஃபேஸ்புக் பயனர்களின் தரவு கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போன விவகாரம் வெடித்த 2018இல், கல்வியாளர்களுக்குத் தரவு தருவதாக ஃபேஸ்புக் உறுதியளித்தது. பகிரப்பட்ட இணைப்புகளைப் பற்றிய பெருந்தொகுப்பு ஒன்று 2020 தொடக்கத்தில் ஆய்வாளர்களிடம் வந்து சேர்ந்தது. உலகின் பல மூலைகளில் அதை வைத்து ஆய்வுகள் நடந்தன. 2021 ஆகஸ்டில், அதிகம் பார்க்கப்பட்ட பதிவுகள் பற்றி ஃபேஸ்புக் பொதுமக்களுக்காக ஓர் அறிக்கை வெளியிட்டது. இத்தாலியின் உர்பினோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபேபியோ ஜிலியெட்டோ அந்த அறிக்கையின் எண்களைத் தன்னிடமிருந்த தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். பொருந்தவில்லை. விசாரித்தபோது, தொகுப்பில் அமெரிக்கப் பயனர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் விடுபட்டிருந்தது தெரியவந்தது. விடுபட்டவர்கள், எந்த அரசியல் சாய்வு உள்ளவர் என்று கணிக்க முடியாதவர்கள். அரசியல் ஆர்வம் உள்ளவர்களை மட்டும் வைத்து நாட்டைப் பற்றி முடிவெடுத்தால் அது எப்படி நாட்டின் படமாகும்? நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஆனால் பலரின் உழைப்பு அதற்குள் வீணாகியிருந்தது.

அந்த 2018 உறுதிமொழிக்குப் பிறகு கதவுகள் திறக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு நேர்மாறானது காத்திருந்தது. அரசியல் விளம்பரங்கள் யாரைக் குறிவைக்கின்றன என்று அறிய, தன்னார்வலர்களின் பிரவுசரில் ஒரு சிறு நிரலைச் சேர்த்து ஆராய்ந்துவந்த நியூயார்க் பல்கலைக்கழகத்தின் லாரா எடல்சன், டேமன் மெக்காய் குழுவினரின் கணக்குகளை 2021 ஆகஸ்டில் ஃபேஸ்புக் முடக்கியது. 2023 பிப்ரவரியில் ட்விட்டர் (இன்றைய எக்ஸ்), நிரல் வழியே தரவை எடுக்க உதவும் தன் ஏபிஐயை இலவசமாகத் தருவதை நிறுத்துவதாக அறிவித்தது. பெருமளவு தரவு வேண்டுவோருக்கான கட்டணம் பின்னர் மாதம் 42,000 டாலரில் தொடங்கியது. அன்றைய மதிப்பில் சுமார் 34 லட்சம் ரூபாய். எந்தப் பல்கலைக்கழகத் துறையால் இதைக் கட்ட முடியும்? பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் எந்தப் பதிவு எப்படிப் பரவுகிறது என்று பார்த்துவந்த கிரவுட்டேங்கிள் கருவியை ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2024 ஆகஸ்ட் 14இல் மூடியது. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு அப்போது மூன்று மாதம்கூட இல்லை. மாற்றாகத் தந்த தரவு நூலகத்துக்குள் நுழைய விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும்.

நிறுவனங்கள் இதற்குச் சொல்லும் காரணம் பயனரின் அந்தரங்கம். அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவுக்குத் தரவு போன வழியும் ஒரு கல்வியாளர் வழிதான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் கோகன் உருவாக்கிய ஆளுமைத் தேர்வுச் செயலியின் மூலம், அதைப் பயன்படுத்தியவர்களின் நண்பர்கள் உட்பட 8.7 கோடிப் பேர் வரை தரவு சென்றிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. ஆகவே எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள் என்பது பொறுப்பான கோரிக்கை ஆகாது. பாதுகாப்போடு திறப்பது எப்படி, திறப்பதா வேண்டாமா என்பதை யார் தீர்மானிப்பது என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

அனுமதி கேட்காத பரிசோதனை

நிறுவனத்தைக் கேட்காமலே பரிசோதனை நடத்த முடியும் என்று 2025 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. டிசியானோ பிக்கார்டி, மார்ட்டின் சவெஸ்கி, மைக்கேல் பெர்ன்ஸ்டைன் உள்ளிட்ட குழுவினர் பிரவுசரில் இணைக்கும் ஒரு நிரலை எழுதினார்கள். சம்மதித்த தன்னார்வலர் கணினியில் எக்ஸ் தளத்தைத் திறக்கும்போது, ஃபீடு திரையில் தோன்றும் முன்பே இந்த நிரல் அதைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு பதிவையும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரி ஒன்று படிக்கும். எதிர்க்கட்சியினர் மீது வன்மம், ஜனநாயக விதிகளை மீறத் தயார் என்ற மனநிலை போன்றவை அதில் இருக்கின்றனவா என்று மதிப்பிடும். பிறகு வரிசை மாறும். ஒரு பரிசோதனையில் அத்தகைய பதிவுகள் கீழே தள்ளப்பட்டன; இன்னொன்றில் மேலே கொண்டுவரப்பட்டன. எதுவும் நீக்கப்படவில்லை.

2024 அதிபர் தேர்தல் பிரச்சாரத்தின்போது 1,256 பேரிடம் பத்து நாள் இப்படிச் செய்தார்கள். எதிர்க்கட்சியினர் மீதான உணர்வை 0 முதல் 100 வரையிலான அளவில் கேட்டபோது, வன்மப் பதிவு குறைந்தவர்களிடம் சுமார் 2 புள்ளி இளக்கம். கூடியவர்களிடம் அதே அளவு கசப்பு. இரண்டு கட்சி ஆதரவாளர்களிடமும் இது ஒன்றுபோல நிகழ்ந்தது. 2 புள்ளி சொற்பம் என்று தோன்றலாம். அமெரிக்காவில் இந்த வெறுப்பு இவ்வளவு கூடுவதற்குச் சுமார் மூன்றாண்டுகள் ஆனதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

2020 ஆய்வுக்கு இது முரணா? அல்ல. முந்தையது அல்காரிதத்தையே எடுத்துவிட்டுக் கால வரிசையை வைத்தது. கால வரிசையிலும் வன்மம் வரும். பிந்தையது குறிப்பிட்ட ஒரு வகைப் பதிவை மட்டும் நகர்த்தியது. கேள்வி மாறினால் விடை மாறும். எந்தக் கேள்வியைக் கேட்பது என்ற உரிமை யாரிடம் இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த இரண்டு ஆய்வுகளே சாட்சி. ஆனால் இந்தக் குறுக்குவழிக்கும் எல்லை உண்டு. இது கணினியின் பிரவுசரில் நடக்கும். செல்போன் செயலிக்குள் நுழைய முடியாது. இந்தியாவில் பெரும்பாலோர் சமூக ஊடகத்தைப் பார்ப்பது செல்போனில்தான்.

சட்டம் திறந்த கதவு

ஆகவே சட்டம் தேவைப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் அதைச் செய்திருக்கிறது. ஒன்றியத்தில் மாதம் 4.5 கோடிப் பயனர்களுக்கு மேல் உள்ள தளங்களுக்கு அதன் 40ஆவது பிரிவு இரண்டு கடமைகளை விதிக்கிறது. பொதுவில் கிடக்கும் பதிவுகளைத் தகுதியுள்ள ஆய்வாளர்கள் எடுத்து ஆராய வழிசெய்ய வேண்டும். தேர்தல், பொது விவாதம் போன்றவற்றுக்கு வரும் அபாயங்களை ஆராயும் ஆய்வாளர்கள் கேட்டால், வெளியே தெரியாத உள்தரவையும் தர வேண்டும். இந்த இரண்டாவது கதவு 2025 அக்டோபர் 29 முதல் திறந்திருக்கிறது.

இங்கே தீர்மானிப்பவர் நிறுவனம் அல்ல. ஆய்வாளர் தேசிய ஒழுங்குமுறை அமைப்பிடம் விண்ணப்பிக்கிறார். பெரிய நிறுவனங்கள் பலவற்றின் ஐரோப்பியத் தலைமையகம் அயர்லாந்தில் இருப்பதால் பல விண்ணப்பங்கள் அங்கே போகும். வணிக லாப நோக்கம் இல்லை, நிதி எங்கிருந்து வருகிறது, தரவை எப்படிப் பாதுகாப்போம் ஆகியவற்றை ஆய்வாளர் காட்ட வேண்டும். முடிவை இலவசமாக வெளியிட வேண்டும். நிறுவனத்துக்கு ஆட்சேபம் இருந்தால் 15 நாளுக்குள் காரணத்தோடு சொல்லலாம். இறுதி முடிவு அமைப்புடையது. அந்தரங்கம் பற்றிய நியாயமான அச்சத்துக்கு இதில் பதில் இருக்கிறது. சட்டத்துக்குப் பல்லும் இருக்கிறது. 2025 டிசம்பரில் எக்ஸ் தளத்துக்கு ஐரோப்பிய ஆணையம் விதித்த 12 கோடி யூரோ அபராதத்துக்கான காரணங்களில், ஆய்வாளர்களுக்குப் பொதுத் தரவைத் தராததும் ஒன்று.

ஆனால் அந்தச் சட்டம் ஐரோப்பாவுக்கான அபாயங்களை ஆராயத்தான் தரவு தரும். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ ஒரு தேர்தலில் என்ன நடந்தது என்று கேட்க அதில் இடமில்லை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது இலங்கை அரசு ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. வெறுப்பைப் பரப்பத் தன் தளம் பயன்பட்டதற்காக ஃபேஸ்புக் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. அதற்கு அடிப்படையான மதிப்பீட்டை நடத்தச் சொன்னதும் அதே நிறுவனம். கொழும்பிலோ பேராதனையிலோ உள்ள ஓர் ஆய்வாளர் தன் கேள்வியோடு போய்த் தரவு கேட்கும் உரிமை அன்றும் இருக்கவில்லை.

இந்தியாவில் 2024 மக்களவைத் தேர்தலில் 64 கோடிப் பேர் வாக்களித்தார்கள். 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள தளங்கள், எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை பதிவுகளை நீக்கினோம் என்று மாதந்தோறும் அறிக்கை வெளியிட வேண்டும் என்கின்றன 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள். நீக்கியதைப் பற்றி எண்ணிக்கை வருகிறது. காட்டியதைப் பற்றி ஒன்றும் வருவதில்லை. எந்தப் பதிவு எந்த மாவட்டத்தில் எத்தனை பேரின் திரையில் ஏற்றப்பட்டது, ஏன் என்று கேட்க எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் சட்டப்படி வழியில்லை. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்குச் சில விலக்குகளைத் தருகிறது. தரவைத் தர வேண்டிய கடமையை நிறுவனங்கள் மேல் சுமத்தவில்லை.

மளிகைக் கடைத் தராசைக் கடைக்காரரே சோதித்து அவரே முத்திரை குத்திக்கொள்ள நாம் விடுவதில்லை. கடைக்காரர் நேர்மையானவர் என்றாலும் முத்திரை ஆய்வாளர் வந்துதான் தீர வேண்டும். கோடிக்கணக்கான வாக்காளர்களுக்கு எதை முதலில் காட்டுவது என்று முடிவு செய்யும் கருவிக்கு அந்த அளவு சோதனைகூட இல்லாதது சரியா?

நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பரவும் பொதுப் பதிவுகளை ஆய்வாளர்களும் பத்திரிகையாளர்களும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கும் வசதி வேண்டும். தேர்தல் காலத்தில் யாருக்கு என்ன காட்டப்பட்டது, நிறுவனம் என்னென்ன பரிசோதனைகளை நடத்தியது என்ற விவரங்களைப் பாதுகாப்பான கணினிச் சூழலில் ஆராயும் உரிமை வேண்டும். தங்கள் ஃபீடைத் தாங்களே ஆய்வுக்குத் தர முன்வரும் குடிமக்களுக்கும், நல்லெண்ணத்தோடு ஆராய்பவர்களுக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும். இந்த அனுமதியைத் தருவது நிறுவனமாகவும் இருக்கக் கூடாது, ஆளும் அரசாகவும் இருக்கக் கூடாது. தேர்தலில் போட்டியிடுபவர் கையில் இந்தச் சாவியைக் கொடுத்தால், பிடிக்காத கேள்விகளுக்குப் புதிய பூட்டு விழும். இரண்டு தரப்பிலிருந்தும் விலகி நிற்கும் அமைப்பு ஒன்றே இதைச் செய்ய முடியும்.

சமூக ஊடகம் ஜனநாயகத்தைக் கெடுக்கிறது என்பவர்கள் சொல்வதும், அப்படி இல்லை என்று நிறுவனங்கள் சொல்வதும் இப்போதைக்குப் பெரிதும் நம்பிக்கையின் பேரில் சொல்லப்படுபவை. வெளியார் கேட்ட கேள்விக்கு, வெளியார் சரிபார்த்த தரவிலிருந்து விடை வரும்போதுதான் அவை அறிவியல் ஆகும். எந்த விடை வந்தாலும் அதை ஏற்று நடக்க வேண்டியவர்கள் வாக்காளர்கள். கேட்கும் உரிமையும் அவர்களுடையதே. அந்த உரிமையைச் சட்டமாக்கித் தருவீர்களா என்று வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு கட்சியிடமும் கேட்போம்.